ஈயப் பாத்திரமும் அதன் அடையாளக் குறிகளும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது, புலவர் பெருமக்கள் எழுதும் ஏட்டில், ரயில்வே அலுவலகத்தில் சரக்குச் சீட்டும் பதிவேடும் எழுதிக் காலம் கழிக்கும் நமக்கு என்ன இடம் என்று தயங்கினோம். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட கல்வி நம்முடையது. ஆயினும் மூட்டையின் மேலுள்ள குறியைப் பார்த்து, அஃது எங்கிருந்து வந்தது, யாருக்கு உரியது, எடை என்ன என்று கண்டு சொல்வதே நமது அன்றாடத் தொழில். ஆதலின் அத்தொழிலோடு ஒட்டிய பொருள் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஈயப் பாத்திரங்களின் அடியிலும் விளிம்பிலும் காணப்படும் குறிகள் யாவை, அவற்றை எவ்வாறு படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போகியன்று நடந்தது

சென்ற போகிப் பண்டிகையன்று காலை, ஈஜிபுராவில் நமக்கு இரண்டு வீடு தள்ளியுள்ள ஓர் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. வாசலில் பழைய பாத்திர வியாபாரி தராசுடன் நின்றுகொண்டிருந்தார். பித்தளை, செம்பு, அலுமினியம் யாவும் தனித்தனியே குவிக்கப்பட்டிருந்தன. எஞ்சி நின்றவை இரண்டு. ஒன்று, நம்மவர் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அடி கருத்து, கழுத்து சற்று நெளிந்திருந்தது. மற்றொன்று கைப்பிடியுள்ள உயரமான குவளை. பழைய வெள்ளியைப் போல் மங்கிய நிறம். வியாபாரி இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து, "இரண்டும் ஈயம்தான், ஒரே விலை" என்றார். வீட்டு மருமகளுக்கோ ஐயம். குவளை பார்க்க அழகாக இருக்கிறதே, துலக்கிக் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமே என்பது அவர் எண்ணம். எண்பது வயதைக் கடந்த மாமியார் திண்ணையில் வாய் திறவாது அமர்ந்திருந்தார். "எழுத்து ஏதோ இருக்கிறாற்போல் தெரிகிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா" என்று மருமகள் நம் கையில் இரண்டையும் கொடுத்தார்.

அன்று நாம் கண்டதைச் சொல்லுமுன், ஈயத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும்.

இரண்டு ஈயங்கள்

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். இரண்டும் மென்மையானவை; எளிதில் உருகுபவை; புதிதாக வார்த்தபோது இரண்டும் பளபளப்பவை. ஆனால் குணத்தால் ஒன்று பாலும் மற்றொன்று நஞ்சும் ஆகும். வெள்ளீயம் உணவோடு சேர்ந்து கேடு செய்வதில்லை. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் களிம்பு ஏறாதபடி உட்புறம் பூசப்பெறுவதும் அதுவே. காரீயமோ புளிப்பில் கரைந்து உடலிற் சேர்வது. சேர்ந்தது எளிதில் நீங்காது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதும், இவ்வளவு வரை தீங்கில்லை என்று வரையறுக்கத்தக்க அளவே அதற்கு இல்லை என்பதும் இன்றைய மருத்துவர் முடிவு.

வெள்ளீயம் நம் நாட்டில் மிகுதியாகக் கிடைப்பதன்று. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தாலன்றி வெண்கலம் இல்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் அதன் கலப்பு உண்டு. மலாய்த் தீபகற்பமும் அதனை அடுத்த தென் தாய்லாந்தும் வெள்ளீயத்திற்குப் பெயர் பெற்ற நிலங்கள். பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதைக் 'கலாய் பூசுதல்' என்கிறோம் அல்லவா? கலாய் என்னும் சொல் வெள்ளீயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு உறவுடையது. அவ்வரபுச் சொல்லோ கலா என்று அரபு வணிகர் வழங்கிய மலாய்க் கரைத் துறைமுகத்தின் பெயரோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. நவச்சாரப் புகை எழ, துருத்தி ஊத, பஞ்சினால் ஒரு சுழற்றுச் சுழற்றி அண்டாவை வெள்ளியாக்கிய அந்தத் தொழிலாளியின் வாயில் இருந்தது ஒரு கடல் வாணிகத்தின் பெயர். எவர்சில்வர் வந்தபின் அவர் குரல் நம் தெருக்களில் அருகிவிட்டது.

பெயர் பொறித்தல் நமக்குப் பழமை

பாத்திரத்திற் பெயர் பொறித்தல் ஏதோ நேற்று வந்த வழக்கமென்று எண்ணற்க. வைகைக் கரையிலுள்ள கீழடியில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆதன்' முதலிய பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பெற்றுள்ளன. நொய்யற் கரைக் கொடுமணலிலும் அவ்வாறே பல பெயர்கள் கிடைத்துள்ளன. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையிலுள்ள பழைய துறைமுகத்தில் 'பானை ஒறி' என்று பொறித்த ஓடு கிடைத்தது. இன்னது என்னுடையது என்று கலத்தின்மேல் எழுதும் வழக்கம் தமிழனுக்கு ஈராயிரம் ஆண்டு வழக்கம்.

இவற்றுள் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது தென் தாய்லாந்தில் கிராபி மாநிலத்துக் க்லோங் தோம் என்னும் ஊரிற் கிடைத்த ஒரு சிறு கல்லாகும். அது பொன் உரைக்கும் உரைகல். அதன்மேல் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பெரும்பதன் என்னும் பொற்கொல்லர் ஒருவர் கடல் கடந்து, அந்த ஈய நாட்டிலே பட்டறை வைத்து, தம் உரைகல்லில் தம் பெயரைத் தாய்மொழியில் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஊர் தெரியாது, குலம் தெரியாது, செய்த நகை ஒன்றேனும் இன்று இவருடையது என்று காட்டக் கிடையாது. பெயர் மட்டும் நிற்கிறது. பிழைப்பைத் தேடி அயலிடம் வந்த நம்போன்றோர்க்கு அக்கல் ஓர் உறவினர் போல் தோன்றுகிறது. அதே கரையில் தகுவா பா என்னும் ஊரில், ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட குளத்தைப் பற்றிய தமிழ்க் கல்வெட்டும் உண்டு. 'அவனிநாரணம்' என்பது அக்குளத்தின் பெயர். மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் அதன் காப்பாளர். தாய் மொழியில் தகுவா என்பது ஈயத்தையே குறிக்கும்.

தரத்தையும் எடையையும் பதிவு செய்வதிலும் நம் முன்னோர் குறைந்தவரல்லர். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், இராசராசன் அளித்த பொற்கலங்கள் ஒவ்வொன்றின் எடையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றிக் கணக்கில் வெட்டப்பட்டுள்ளது. 'ஆடவல்லான்' என்னும் எடைக் கல்லால் நிறுத்தது என்று நிறுத்த கல்லின் பெயரையும் கூறுகிறது கல்வெட்டு. எந்தத் தராசு என்று எழுதாத எடை எடையாகாது என்பதை நாம் சரக்குக் கொட்டகையிற் கற்றோம். சோழர் அதனை ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அறிந்திருந்தனர். நம் ஈஜிபுராவுக்கு அண்மையிலுள்ள தோம்லூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுக்கள் உண்டு. அவற்றை இதுகாறும் காணாதவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று காண்க.

ஆங்கிலேயர் ஈயமும் அவர்தம் முத்திரைகளும்

இனி அந்தக் குவளைக்கு வருவோம். வெள்ளீயத்தோடு சிறிது செம்போ, அஞ்சனக்கல்லோ, காரீயமோ கலந்து வார்த்த உலோகத்தை ஆங்கிலேயர் பியூட்டர் என்பர். சீனக் களிமண் பாண்டங்கள் மலிவாகக் கிடைப்பதற்குமுன் அவர்கள் நாட்டில் தட்டு, கிண்ணம், குவளை யாவும் பெரும்பாலும் பியூட்டரே. இலண்டன் மாநகரில் பியூட்டர் தொழிலாளர்க்கென ஒரு சங்கம் இருந்தது. 1348இலேயே அதற்கு விதிகள் ஏற்பட்டன. நல்ல பொருள் இது, மட்டமான பொருள் இது என்று பிரித்து, கலப்படம் செய்தாரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது.

அவர்கள் சோதித்த முறை கேட்கத்தக்கது. ஒரே அச்சில் தூய வெள்ளீயத்தை ஒரு குண்டாகவும், சோதிக்க வேண்டிய உலோகத்தை மற்றொரு குண்டாகவும் வார்ப்பர். இரண்டும் ஒரே அளவு. தராசில் இட்டால், காரீயம் மிகுந்த குண்டு கீழே இறங்கும். ஏனெனில் ஒரே அளவு நீரைப் போல் வெள்ளீயம் ஏறத்தாழ 7.3 மடங்கு எடையுள்ளது, காரீயமோ 11.3 மடங்கு. பொய் கனமானது என்பதை அவர்கள் தராசே காட்டிவிடும்.

1503ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏற்பட்ட சட்டம் ஒன்று, செய்தவர் இன்னாரென்று தெரியும்படி பியூட்டர்ப் பொருள்களில் குறியிட வேண்டுமென விதித்தது. அந்தக் குறிக்கு 'டச்' என்று பெயர். ஒவ்வொரு தொழிலாளியும் தம் குறியைச் சங்கத்திலுள்ள தகட்டில் ஒருமுறை பதித்துவைக்க வேண்டும். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் பொருளின் குறியையும் தகட்டின் குறியையும் ஒப்பிட்டுக் காணலாம். 1666இல் இலண்டனில் மூண்ட பெருந்தீயில் பழைய தகடுகள் அழிந்தன. அதன்பின் பதிக்கப்பட்ட ஐந்து தகடுகள் இன்றும் உள்ளன. அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிகளைக் காணலாம்.

அப்பொருள்களிற் காணும் முதன்மையான குறிகளைக் கீழே தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, செய்தவர் குறி. பெயரோ, பெயரின் முதலெழுத்துக்களோ, ஒரு பறவை விலங்கு உருவமோ வட்டத்துள் இருக்கும். அதனுள் ஆண்டு ஒன்று காணப்பட்டால், பொருளைச் செய்த ஆண்டு அதுவென்று உடனே துணிந்துவிடலாகாது. பெரும்பாலும் அஃது அத்தொழிலாளி தம் குறியைப் பதிவு செய்த ஆண்டையோ, அது போன்ற வேறொன்றையோ குறிக்கும். அதே அச்சைப் பல ஆண்டுகள் அவர் பயன்படுத்தியிருப்பார்.

இரண்டாவது, முடியணிந்த ரோசா மலர். தொடக்கத்தில் இது தரத்தின் சான்றாக விளங்கியது. பின்னர்த் தொழிலாளர் பலரும் தம் விருப்பம்போல் இட்டுக்கொண்டனர். 'இலண்டன்' என்ற சொல்லும் அத்தகையதே. வேறு ஊர்களிற் செய்தவரும் விலைபோக வேண்டி அதனைப் பொறித்ததுண்டு.

மூன்றாவது, முடியின்கீழ் எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்து. உயர்ந்த தரம் என்பது இதன் பொருள். இதுவும் நாளடைவில் மலிந்துவிட்டது.

நான்காவது, வரிசையாக நான்கு சிறு கட்டங்கள். வெள்ளிப் பாத்திரத்தின் முத்திரைபோல் தோன்றும். ஆனால் வெள்ளி முத்திரையன்று. பதினேழாம் நூற்றாண்டிலேயே இதுபற்றி வெள்ளி வேலையாளர் முறையிட்டதுண்டு. நம்மிற் சிலர் இக்கட்டங்களைக் கண்டு வெள்ளியென மகிழ்ந்து, பின்னர் ஏமாற்றமடைவர்.

ஐந்தாவது, அளவு முத்திரை. மதுக்கடையிற் பயன்படுத்திய குவளைகளில், அளவு சரியென்று அரசாங்க அதிகாரி சோதித்து இட்ட குறி இது. காலத்தை நிச்சயிக்க இதனினும் சிறந்த கருவி இல்லை. முடியும், அரசர் அல்லது அரசியின் பெயரெழுத்தும் இருக்கும். வி. ஆர். என்றிருந்தால் விக்டோரியா அரசி காலம்; அதாவது 1837 முதல் 1901 வரை. அவற்றோடு ஓர் எண்ணும் இருந்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி ஒவ்வோர் வட்டாரத்துக்கும் எண் கொடுக்கப்பட்ட பிறகு இட்ட முத்திரை என்று கொள்ளலாம்.

ஷெப்பீல்டு நகரில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய 'பிரிட்டானியா உலோகம்' என்பது, அஞ்சனக்கல் சேர்ந்த ஒருவகைப் பியூட்டர். இதில் செய்தவர் பெயர் முழுமையாகவும், கீழே பட்டியல் எண்ணும் இருக்கும். மலாயாவில் உறவினர் உள்ள வீடுகளில் செலாங்கூர்ப் பியூட்டர் இருக்கக்கூடும். சீன நாட்டிலிருந்து கோலாலம்பூர் வந்த யோங் கூன் என்பார் 1885இல் தொடங்கிய தொழில் அது. 'ராயல் செலாங்கூர்' என்ற பெயர் 1992இல் ஏற்பட்டது. ஆகவே அப்பெயருள்ள பொருள் அதற்குப் பிற்பட்டது. கருநிறத்தில் வெள்ளிக் கொடி இழைத்த பீதர் நகரத்துப் பாத்திரங்களை ஈயமென்று கொள்வாரும் உளர். அது துத்தநாகம் கலந்த வேறு உலோகம்.

ரயில்வேக் குறிகள்

நமது துறையைப் பற்றி ஒரு சொல் கூறாதிருத்தல் இயலாது. சில வீடுகளில் எம். எஸ். எம். ஆர்., எஸ். ஐ. ஆர்., எம். எஸ். ஆர். என்று பொறித்த கரண்டிகளும் தட்டுகளும் குவளைகளும் இருக்கின்றன. முதலாவது சென்னை மற்றும் தென் மராட்டா ரயில்வே. இரண்டாவது தென்னிந்திய ரயில்வே. மூன்றாவது மைசூர் அரசு ரயில்வே. 1951 ஏப்ரல் 14ஆம் நாள் இம்மூன்றும் இணைந்து தென்னக ரயில்வே ஆயின. ஆகவே இக்குறியுள்ள பொருள்கள் அந்நாளுக்கு முற்பட்டவை என்று கொள்வதில் தடையில்லை. அவை நம் வீட்டுக்கு எவ்வாறு வந்தன என்ற ஆராய்ச்சி மட்டும் வேண்டாம்!

நம்மவர் குறிகளைப் படிக்கும் வகை

நம் நாட்டு ஈயச்சொம்பில் செய்தவர் குறி அரிது. வெள்ளீயக் கட்டியை உருக்கித் தகடாக்கிச் சுத்தியலால் தட்டித் தட்டி உருவாக்கிய கைகளுக்குப் பெயர் இல்லை. சுத்தியலின் தழும்புகளே கையொப்பம். ஆனால் வாங்கியவர் பெயர் இருக்கும். உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் பெயர், ஊர், ஆண்டு, எடை, சில வேளைகளில் இன்னார் அளித்தது என்ற செய்தியும் காணலாம். அவற்றைப் படிப்போர் கருத வேண்டியவை மூன்று.

ஒன்று, ஆண்டு. பிரபவ முதலிய அறுபதாண்டுப் பெயரே பெரும்பாலும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அப்பெயர் திரும்பி வருதலின், எந்தச் சுற்று என்பதை வேறு சான்று கொண்டு துணிய வேண்டும்.

இரண்டு, எடை. சென்னை மாகாணக் கணக்கில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. ஒரு பலம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 கிராம். 1958இல் தொடங்கிய மெட்ரிக் எடைமுறை 1962இல் கட்டாயமாயிற்று. ஆதலின் பலக் கணக்கு உள்ள பாத்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

மூன்று, எழுத்து. லை, னை, ணை, ளை என்பவற்றை முன்பு யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதினர். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின் அவ்வடிவம் அச்சிலிருந்து மறையத் தொடங்கியது. பழகிய கை பழைய வடிவையே எழுதும். ஆகவே இது துணைச் சான்றேயன்றித் தனிச் சான்று ஆகாது.

தேய்ந்த எழுத்தைப் படிக்க எளிய வழி உண்டு. பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எஞ்சியதும் போய்விடும். மெல்லிய வெண்தாளை எழுத்தின்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்கவும். புள்ளிகள் வெண்மையாகவும் ஏனைய இடம் கருமையாகவும் தாளில் எழும். கல்வெட்டறிஞர் மைப்படி எடுப்பதும் ஏறத்தாழ இம்முறையே.

தூய்மை அறிதல்

பொன்னுக்கும் வெள்ளிக்கும் இன்று ஹால்மார்க் முத்திரை உண்டு. பொன் நகைக்கு 2000ஆம் ஆண்டில் அம்முறை தொடங்கி, 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாகி, நகை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண்ணும் வந்துவிட்டது. ஈயச்சொம்புக்கோ அத்தகைய முத்திரை இல்லை. கடைக்காரர் வாய்ச்சொல்லே சான்று.

நமது அநுபவத்தைக் கூறுகிறோம். சில ஆண்டுகட்கு முன், ஊருக்குச் சென்ற இடத்தில் ஒரு கடையில் "சுத்த வெள்ளீயம்" என்ற உறுதிமொழியோடு ஒரு சொம்பு வாங்கிவந்தோம். மூன்று மாதம் அதில் வைத்த ரசத்தை நம் குழந்தைகள் உண்டனர். ஒருநாள் ஐயம் தோன்றி அதன் விளிம்பை வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தோம். பென்சிற் கோடு போல் கருங்கோடு விழுந்தது. நகைக் கடைகளில் பொன்னைச் சோதிக்கும் கதிர்க் கருவி உள்ள இடத்தில் காட்டியபோது, காரீயம் கலந்திருப்பது உறுதியாயிற்று. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாளே குழந்தைகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தம் சோதித்தோம். இறைவன் அருளால் பெருந்தீங்கு நேரவில்லை. ஆயினும், அந்த மூன்று மாதத்தை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்பது பழமொழி. காரீயமோ ஈயத்தைப் போலவே நடித்து, நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே தாய்மார்கள் கவனிக்க: தாளில் கருங்கோடு விழுந்தால் அப்பாத்திரம் அடுக்களைக்கு ஆகாது. கோடு விழாமை மட்டும் முழுச் சான்றன்று. சிறு கலப்பு தாளிற் தெரியாமற் போகலாம். ஐயம் நீங்காவிடில் கருவியிற் சோதித்தே பயன்படுத்துக. சோதிக்க வழியில்லையேல் பயன்படுத்தாது விடுக. தூய சொம்பையும் வெறுமையாக அடுப்பில் வைக்கலாகாது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். நீரோ புளிக்கரைசலோ உள்ளே இருக்கும்வரையே அது தீயைத் தாங்கும்.

குவளையும் சொம்பும் கூறியவை

இப்பொழுது போகி நாளுக்குத் திரும்புவோம். முதலில் குவளையைத் தாளில் இழுத்தோம். கோடு கருமையாக விழுந்தது. மருமகள் முகம் வாடிற்று. விளிம்பருகே முடியும், வி. ஆர். என்ற எழுத்தும், ஓர் எண்ணும் தெரிந்தன. ஆகவே அது 1878க்குப் பின், 1901க்குள் முத்திரை பெற்றது. கைப்பிடிக்கு எதிர்ப்புறம் ஒரு படைப்பிரிவின் எழுத்துக்கள் கீறப்பட்டிருந்தன. மூதாட்டியார் அப்போதுதான் வாய் திறந்தார். அவருடைய மாமனார் தண்டில் வெள்ளைக்கார அதிகாரிகளின் உணவுச்சாலையில் பட்லராக இருந்தவராம். 1947இல் துரைமார்கள் கப்பலேறியபோது அவருக்கு ஒருவர் கொடுத்துச் சென்றதாம் இக்குவளை. 1809இல் இங்குத் தண்டு அமைந்த காலந்தொட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வாறே வந்து வேரூன்றின. அவ்வரலாற்றின் ஒரு துளி அக்குவளை.

அடுத்துச் சொம்பை இழுத்தோம். தாள் வெண்மையாகவே இருந்தது. கழுத்தின்கீழ்ப் புள்ளிகள் சில தென்பட்டன. தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். 'பிரமோதூத வருஷம் தை மாதம்' என்பது முதலிற் தெளிந்தது. அடுத்து, 'உய பலம்' என்றாற்போல் இருந்தது. மருமகள் 'உய' என்றால் என்னவென்று வியந்தார். அவை தமிழ் எண்கள், ௨ என்பது இரண்டு, ௰ என்பது பத்து, சேர்ந்தால் இருபது. இருபது பலம் 700 கிராம் ஆகும். வியாபாரியின் தராசிலேயே வைத்துப் பார்த்தோம்; 690 கிராம் காட்டியது. இத்தனை ஆண்டுத் தேய்மானம் பத்தே கிராம். எழுதியவர் பொய் எழுதவில்லை.

கடைசியாக ஒரு பெயர் எழுந்தது. துதிக்கை வளைந்த பழைய 'லை' எழுத்துடன், 'அஞ்சலை' என்றிருந்தது.

"அஞ்சலை யார் அம்மா?" என்று கேட்டோம். மூதாட்டியார் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தச் சொம்பு என் மாமியார் கல்யாணத்தில் வந்தது என்று சொல்வார்கள். நான் இந்த வீட்டுக்கு வருமுன்பே அவர் போய்விட்டார். பட்லர் வீட்டுக்காரி என்றே எல்லாரும் சொன்னார்கள். பெயரை யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இந்தப் புள்ளிகளைக் கோலம் என்றல்லவா இத்தனை நாள் துலக்கி வந்தேன்!" என்றார்.

பிரமோதூத ஆண்டு 1870, 1930, 1990 ஆகிய ஆண்டுகளிற் பிறந்தது. முதலாவதில் பட்லர் பிறந்திருக்கவே மாட்டார். மூன்றாவதில் பலக் கணக்கு இல்லை. அஞ்சலை அம்மையாரும் இல்லை. ஆகவே இடைப்பட்டதே சரி. அவ்வாண்டின் தை மாதம் 1931ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரியில் வந்தது. அம்மையாரின் திருமணம் அப்போது நடந்தது. அவருக்குப் பள்ளிச் சான்றிதழ் இல்லை, நிழற்படம் இல்லை, எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயரைக் குடும்பத்தார் கண்டதில்லை. அவர் பெயர் எழுதப்பட்டு எஞ்சிய இடம் அச்சொம்பு ஒன்றே. இன்னும் சிறிது நேரத்தில் அது தராசில் ஏறி, உருக்குச் சட்டியிற் கரைந்திருக்கும்.

வியாபாரி நல்லவர். "இதை நான் எடுத்துப் போகமாட்டேன் அம்மா" என்று கூறி, பித்தளையை மட்டும் கட்டிக்கொண்டு சென்றார். குவளை இப்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதில் பாலும் இல்லை, நீரும் இல்லை. சொம்பு அடுக்களைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு வேண்டுகோள்

அன்பர்களே, ஊரை விட்டு வந்தோர் நாம். நிலத்தையும் வீட்டையும் எடுத்துவர இயலாதவர்கள் பாத்திரத்தை மட்டும் எடுத்துவந்தனர். பத்திரம் தொலைந்த குடும்பத்திற்கும் பாத்திரம் சான்று கூறும். பரணிலுள்ள பழம் பொருளை விற்கவேண்டாமென்று நாம் கூறவில்லை. இடமில்லாத வீட்டில் எல்லாவற்றையும் வைத்திருக்க யாரால் இயலும்? விற்குமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். குறி இருந்தால் தாளில் தேய்த்து எடுத்து, எடையும் எழுதி, யாருடையது என்று தெரிந்த பெரியவரைக் கேட்டு ஒரு குறிப்பேட்டிற் பதியுங்கள். பெயர் வந்துவிட்டால், உலோகம் போனாலும் போகட்டும். மாலை வேளைகளில் நம்மிடம் கொண்டுவந்தால், நமக்குத் தெரிந்த அளவில் படித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

போகிக்குப் பின் வந்த தை அமாவாசையன்று அவ்வில்லத்தார் நமக்கும் உணவளித்தனர். ஆண்டுதோறும் மாமனார் பெயரைச் சொல்லி, "அவர் வீட்டுக்காரிக்கும்" என்று கூறியே படைத்து வந்த மூதாட்டியார், அன்று இலை போட்டு, விளக்கேற்றி, அந்தச் சொம்பில் வைத்த ரசத்தை ஊற்றி, "அஞ்சலை அத்தைக்கு" என்று முதன்முறையாகப் பெயர் சொல்லிப் படைத்தார்.